மனநல மருத்துவம் படிக்கும்போதே சிறிய ஆராய்ச்சி நிதி வாங்க முடியுமா? அதற்கு மெனக்கெடுவது வீணா?

கேட்டவர் எம்.டி. சைக்கியாட்ரி முதலாண்டு. தீசிஸுக்குக் கைக்காசுதான் போகிறது, முப்பது நாற்பதாயிரம் தரும் நிதி ஏதாவது உண்டா, விண்ணப்பம் எழுதும் நேரத்தில் பாடத்தையாவது படிக்கலாமே என்று கேட்டிருக்கிறார்.

உண்டு. நான் படித்தபோது 38,000 ரூபாய் வாங்கினேன், இரண்டாவது முயற்சியில். பணம் மட்டும்தான் நோக்கம் என்றால் மெனக்கெடாதீர்கள். ஸ்டைபண்டில் மாதம் 2,000 ஒதுக்கினால் 19 மாதத்தில் அதே தொகை சேர்ந்துவிடும், யாருக்கும் கணக்கும் காட்ட வேண்டாம். எனக்கு அந்த விண்ணப்பத்தால் கிடைத்தது வேறு. அதைச் சொல்ல, முதல் முயற்சி எப்படிக் கெட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் 1,20,000 கேட்டிருந்தேன். லேப்டாப் 55,000, புள்ளியியல் மென்பொருள் உரிமம் 30,000, மாநாட்டுப் பயணம் 25,000, 'இதர செலவுகள்' 10,000. தலைப்பு, கிராமப்புறங்களில் மனச்சோர்வு. எந்தக் கிராமம், எந்த வயது, யார் போய்க் கேட்கப் போகிறார்கள், எதுவும் அதில் தெளிவாக இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரே வரியில் மறுத்து மின்னஞ்சல் வந்தது. எனக்குச் சரியான கோபம். என் கைடு ஓய்வு பெறும் வயதில் இருந்த மேடம். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முன்னுரை, மேற்கோள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நேராக பட்ஜெட் பக்கத்துக்குப் போனார்.

"இதுல பேஷன்ட் எங்கம்மா இருக்காங்க?"

நான்கு வரி பட்ஜெட்டில் ஒரு ரூபாய்கூட நோயாளியின் பக்கம் போகவில்லை. அப்போதுதான் பார்த்தேன், ஆய்விலும் நோயாளி இல்லை. எனக்கு லேப்டாப் வேண்டும் என்பதைத்தான் பன்னிரண்டு பக்கத்தில் எழுதியிருந்தேன்.

அடுத்த ஒரு மாதம் எதுவும் எழுதாமல் ஓ.பி.யில் உட்கார்ந்து கவனி என்றார். மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை வாங்க மாதாமாதம் வருபவர்கள் நோயாளிகள் இல்லை, பெரும்பாலும் அவர்களுடைய அம்மாக்கள். விடியற்காலை பஸ் பிடித்து வந்து, சீட்டு போட்டு, பத்து நிமிடம் எங்களைப் பார்த்து, மருந்து வரிசையில் நின்று, மதியத்துக்கு மேல் திரும்பிப் போவார்கள். அன்றைய கூலி போச்சு. சிலர் மூன்றாவது மாதம் வருவதில்லை. நாங்கள் கேஸ் ஷீட்டில் 'தொடர் சிகிச்சைக்கு வரவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவோம். வராதவர் வீட்டில் சுமை கூடுகிறதா, குறைகிறதா? அதுதான் என் கேள்வியாக ஆனது. 60 குடும்பங்கள், தொடக்கத்தில் ஒருமுறை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை.

புதிய பட்ஜெட் இப்படி இருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வருகைக்கு 200 ரூபாய் பயணச் செலவு, அதுவே 24,000. மொழிபெயர்ப்புக்கு 4,000. வராதவர்களை வீட்டில் போய்ப் பார்க்க பெட்ரோல் 4,000. போன் செலவு 3,000, ஜெராக்ஸ் 3,000. லேப்டாப் என் பழையதே. மென்பொருளுக்கு ஆர், ஜமோவி இரண்டும் இலவசம், பி.ஜி. தீசிஸுக்கு வேண்டிய எல்லாக் கணக்கும் அதில் போடலாம்.

பரிசீலனை செய்தவர்களில் ஒருவர் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: "பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாயிற்றே, 200 எதற்கு?" நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அது சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில். புறநகர் வழித்தட பஸ்ஸில் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். எங்கள் ஓ.பி.க்கு வருபவர்கள் இரண்டு பஸ் மாறி வருபவர்கள். எந்தெந்த ஊரிலிருந்து எவ்வளவு டிக்கெட் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். நிதி கிடைத்ததற்கு அந்த ஒரு பக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஓ.பி. வரிசையில் பேச்சுக் கொடுத்து விசாரித்து எழுதியது அது.

சரி, எங்கே விண்ணப்பிப்பது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். முதுநிலை மாணவர்களின் தீசிஸுக்கென்றே உதவித்தொகை தருகிறது. அறிவிப்பு வரும் நேரத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். தொகையும் விதிகளும் மாறிக்கொண்டே இருப்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படியுங்கள், சீனியர் சொன்னதை நம்பாதீர்கள். அதே ஐ.சி.எம்.ஆரில் 'சிறிய நிதி' என்று இன்னொன்று இருக்கிறது, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது கோடிக் கணக்கில் கேட்பவர்களுக்கு. நிரந்தரப் பணியில் இருப்பவர்கள்தான் விண்ணப்பிக்க முடியும். எம்.பி.பி.எஸ். படிக்கும் தம்பி தங்கைகள் இருந்தால் ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் நடத்தும் எஸ்.டி.எஸ். என்ற குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்தைச் சொல்லுங்கள், இரண்டு மாத ஆய்வுக்கு உதவித்தொகை உண்டு. மற்றபடி சில மருத்துவப் பல்கலைக்கழகங்களும் தனியார் கல்லூரிகளும் உள் நிதி வைத்திருக்கின்றன. மருத்துவர் சங்கங்கள், அவற்றின் மண்டலக் கிளைகள் மாநாட்டையொட்டி அறிவிக்கும் சிறு தொகைகளும் உண்டு. போட்டி குறைவு என்பதால் என் கருத்தில் தொடங்க நல்ல இடம் இவைதான். எனக்குக் கிடைத்ததும் அப்படி ஒன்றுதான்.

எம்.டி. முடித்த பிறகு வேறு உலகம். அமெரிக்காவின் பிரெயின் அண்ட் பிஹேவியர் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 1987 முதல் இளம் ஆய்வாளர்களுக்கு நிதி தருகிறது. ஆண்டுக்கு 35,000 டாலர் வரை, இரண்டு ஆண்டு. மற்ற நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். நம் ஊரில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் இந்தியா அலையன்ஸ் இருக்கிறது, 2008இல் வந்தது. மருத்துவர்களுக்கென்றே அதில் தனி ஃபெலோஷிப் உண்டு. இரண்டுக்கும் 'இதற்கு முன் என்ன செய்தாய்' என்று கேட்பார்கள். என் 38,000 அங்கே ஒரு வரியாக உட்கார்ந்தது.

இப்போது பலர் கவனிக்காத ஒன்று, அளவுகோல்கள். மனநல ஆய்வில் ரத்தப் பரிசோதனைச் செலவு இல்லை, கேள்வித்தாள்தானே என்று நினைப்போம். கேள்வித்தாளுக்கும் முதலாளி உண்டு. நினைவாற்றலைச் சோதிக்க நாம் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கும் எம்.எம்.எஸ்.இ. 1975இல் வந்தது. பல ஆண்டு எல்லாரும் ஜெராக்ஸ் போட்டுப் பயன்படுத்தினார்கள். இன்று அதன் வெளியீட்டு உரிமை பி.ஏ.ஆர். என்ற நிறுவனத்திடம், ஒவ்வொரு படிவத்துக்கும் காசு. பெக்கின் மனச்சோர்வு அளவுகோல் பியர்சன் என்ற பதிப்பு நிறுவனத்தின் வசம். மனச்சிதைவுக்கான பான்ஸும் விலைக்குத்தான். என்னுடன் படித்த ஒருவர் உரிமம் வாங்காத அளவுகோலை வைத்து முழு ஆய்வையும் முடித்துவிட்டு, கட்டுரை அனுப்பும்போது 'அனுமதிக் கடிதம் எங்கே' என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டார். இலவசமானவையும் நிறைய இருக்கின்றன. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9ஐ யாரிடமும் கேட்காமல் பயன்படுத்தலாம். மதுப்பழக்கத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு எடின்பரோவின் பத்துக் கேள்விகள். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். எடின்பரோவின் தமிழ் வடிவமும் சோதித்து வெளியாகியிருக்கிறது.

எனக்குக் கைகொடுத்தது சென்னையிலேயே பிறந்த ஒன்று. சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தில், மனச்சிதைவு உள்ளவர்களின் குடும்பச் சுமையை அளக்க 40 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கி 1998இல் வெளியிட்டார்கள். வெளிநாட்டுக் கேள்வித்தாளை மொழிபெயர்த்தால் பாதி கேள்விக்கு நம் அம்மாக்கள் 'அப்படின்னா?' என்பார்கள். இதில் அந்தச் சிக்கல் குறைவு. ஆகவே மொழிபெயர்ப்புக்கு ஒதுக்கிய 4,000 முழுவதும் ஒப்புதல் படிவத்துக்குப் போனது.

அதுவும் தேவையாகத்தான் இருந்தது. முதல் வரைவை ஒரு அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்மா, இதுல கையெழுத்து போடலைன்னா மாத்திரை நிறுத்திருவீங்களா?" என்றார். போடாவிட்டாலும் சிகிச்சை தொடரும் என்ற வரி படிவத்தில் இருந்தது, ஒன்பதாவது பத்தியில். அதை மேலே கொண்டுவந்து பெரிய எழுத்தில் போட்டோம்.

மனநலத் துறையில் இது சட்டமும்கூட. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99ஆம் பிரிவைப் படித்துவிட்டு விண்ணப்பம் எழுதுங்கள். நேர்காணல் மட்டும் என்றாலும் நோயாளியின் சுதந்திரமான ஒப்புதல் வேண்டும். மருந்தோ உளவியல் சிகிச்சையோ வேறு தலையீடோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வில், அவர் ஒப்புதல் தரும் நிலையில் இல்லை, ஆனால் மறுக்கவும் இல்லை என்றால் வீட்டார் சம்மதம் மட்டும் போதாது, மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும். மூன்றாண்டுப் படிப்பில் அதற்கெல்லாம் நேரம் இருக்காது என்று தோன்றினால் கேள்வியை மாற்றுங்கள். நான் குடும்பத்தாரைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன். பயணப்படி கொடுப்பதில் எத்திக்ஸ் கமிட்டிக்குத் தயக்கம் வந்தால், ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளைக் காட்டுங்கள். செலவை ஈடு செய்வதில் தவறில்லை. ஆசை காட்டி இழுக்கும் அளவுக்குத் தொகை போகக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு விஷயம். ஆய்வில் சிகிச்சை எதையாவது கொடுத்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு ஆகியிருக்க வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பின்தேதிப் பதிவு கிடையாது. அப்புறம், எம்.டி. படிப்பின் நடுவே மாவட்ட மருத்துவமனைக்குப் போகும் மூன்று மாத மாவட்டப் பயிற்சி. ஆறாவது மாதப் பின்தொடர்தல் சரியாக அதில் போய் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வந்து, சமூகப் பணியாளர் அக்காவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பெட்ரோல் 4,000 அதில்தான் கரைந்தது. தீசிஸில் உருப்படியான பக்கங்களும் அந்த ஞாயிறுகளில்தான் வந்தன.

வெறும் 60 பேரை வைத்து என்ன ஆராய்ச்சி என்று சக மாணவர்கள் சிரிப்பார்கள். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1981 வாக்கில் சேர்த்த 90 மனச்சிதைவு நோயாளிகளைத்தான் ஸ்கார்ஃபின் மனநல மருத்துவர் தாராவும் அவர் குழுவினரும் 10, 20, 25 ஆண்டு என்று தொடர்ந்து பார்த்து எழுதினார்கள். மெட்ராஸ் ஆய்வு என்று இன்றும் உலகமெங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது எண்ணிக்கையில் இல்லை. 25 ஆண்டு கழித்து ஒருவர் வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டியிருக்கிறார்களே, அதில்தான். ஆறு மாதத்துக்கே என்னால் 11 குடும்பங்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பணம் கைக்கு வருவது பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் கணக்குக்கு வராது, கல்லூரிக் கணக்குக்கு வரும். அங்கிருந்து வெளியே எடுக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. முதல் வருகைக்கு 60 பேருக்கான 12,000 ரூபாயை என் கைக்காசிலிருந்து கொடுத்துவிட்டு, வவுச்சரில் ஒவ்வொருவரிடமும் கையெழுத்தோ ரேகையோ வாங்கி வைத்திருந்தேன். அது இல்லாமல் போயிருந்தால் ஒரு ரூபாயும் திரும்பியிருக்காது. காத்திருக்கும் அம்மாக்களுக்கு வாங்கிய டீக்கும் பன்னுக்கும் கணக்குப் பிரிவில் ஜி.எஸ்.டி. பில் கேட்டார்கள். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் ஜி.எஸ்.டி. பில்! அதை விட்டுவிட்டேன். கடைசியில், பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயனீட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். மீதம் இருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். எனக்கு மீதம் 640 ரூபாய். டி.டி. எடுத்து அனுப்பியபோது எம்.டி. முடித்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

நீங்கள் முதலாண்டு என்பதால் ஒரு காரியம் இந்த வாரமே செய்யலாம். உங்கள் கல்லூரி எத்திக்ஸ் கமிட்டி அடுத்து எப்போது கூடுகிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள். எங்கள் கல்லூரியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். அந்த அனுமதிக் கடிதம் இல்லாமல் நான் பார்த்த எந்த நிதியும் கைக்கு வந்ததில்லை.