மருந்துக்கடை மேசையிலிருந்து: தும்மல், அரிப்பு, தூக்கம்

பனி இறங்கியதும் வரும் கடிதங்களில் பாதி மூக்கைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறார்கள்: தூக்கம் வராத அலர்ஜி மாத்திரை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, இருந்தால் அதை எப்படிப் போடுவது? ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இடத்துக்கு ஏற்றபடி சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் லாரி ஓட்டுநர். விடியற்காலையில் தும்மல் ஆரம்பித்தால் இருபது, முப்பது என்று போகும், கண்ணில் நீர் கொட்டும். செட்ரிசின் போட்டால் தும்மல் நிற்கிறது, ஆனால் ஸ்டியரிங் பிடிக்கும்போது கண் சொக்குகிறது. மெடிக்கலில் கேட்டால் "இதுவே தூக்கம் வராத மாத்திரைதான்" என்கிறார்கள். என்ன செய்ய? — வாசகர், நாமக்கல்

பதில்: உங்கள் கண் சொல்வதை நம்புங்கள். கடைக்காரர் சொன்னது பாதி சரி. ஆனால் லோடு ஏற்றிய லாரிக்குப் பாதி சரி போதாது.

அந்தக் காலத்து அலர்ஜி மாத்திரைகள், அதாவது சிபிஎம் என்கிற குளோர்பெனிரமின், அவில் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்த ஃபெனிரமின் போன்றவை, ரத்தத்திலிருந்து நேராக மூளைக்குள் போய்விடும். மூக்கில் தும்மலைக் கிளப்புகிற அதே ஹிஸ்டமின்தான் மூளைக்குள் நம்மை விழித்திருக்க வைக்கிற வேலையையும் பார்க்கிறது. அதை அங்கேயும் சேர்த்து அடக்கினால் தூக்கம் வராமல் என்ன செய்யும்? பின்னால் வந்த மருந்துகள் மூளைக்குள் அவ்வளவாக நுழைவதில்லை, நுழைந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகின்றன. செட்ரிசினும் இந்தப் புதிய வரிசையில்தான் வருகிறது, அதனால்தான் கடையில் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் இந்த வரிசையில் எல்லாம் ஒன்றில்லை. செட்ரிசின் 10 மில்லிகிராம் போட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்குத் தூக்கக் கலக்கம் வந்ததாக மருந்தின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை போட்டவர்களில் இது 6 பேர். நீங்கள் அந்தப் பதினாலு பேரில் ஒருவர், அவ்வளவுதான். லீவோசெட்ரிசின் என்பது செட்ரிசினின் ஒரு பாதி மட்டும், அதன் 5 மில்லிகிராம் இதன் 10க்குச் சமம். அதற்கு மாறினால் பெரிய வித்தியாசம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அமெரிக்காவின் விமானத்துறை தன் விமானிகளுக்கு ஃபெக்ஸோஃபெனடின், லோரடடின், டெஸ்லோரடடின் மூன்றையும் அனுமதிக்கிறது. செட்ரிசினையும் லீவோசெட்ரிசினையும் போட்டுவிட்டுப் பறக்க அனுமதிப்பதில்லை. விமானிக்கு ஆகாதது சேலம் பைபாஸில் இரவு ரெண்டு மணிக்கு உங்களுக்கு எப்படி ஆகும்?

எனவே மருத்துவரிடம் ஃபெக்ஸோஃபெனடின் பற்றிக் கேளுங்கள். மூக்குத் தும்மலுக்குப் பெரியவர்களுக்கு வழக்கமாக எழுதுவது தினம் ஒரு 120 மில்லிகிராம், தோல் தடிப்புக்கு 180. முதல் மாத்திரையை வண்டி எடுக்காத நாளில், வீட்டில் இருக்கும்போது போட்டுப் பாருங்கள். அபூர்வமாகச் சிலருக்கு இதிலும் கலக்கம் வரும், அது ரோட்டில் தெரியவேண்டாம். தும்மல் நிற்கவில்லை என்று அன்றே இரண்டாவது மாத்திரை போடுவது, "சேஃப்டிக்கு" என்று வேறொரு சளி மாத்திரையைக் கூடப் போடுவது இரண்டும் வேண்டாம். பல சளி மாத்திரைகளுக்குள் அந்தப் பழைய சிபிஎம் ஒளிந்திருக்கும். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது, பாருங்கள்.

இன்னொன்று, வருஷத்தில் பாதி நாள் இப்படி என்றால் மாத்திரையை மட்டும் நம்பி ஓட்டாதீர்கள். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே, குறிப்பாக மூக்கடைப்புக்கு, மாத்திரையைவிட நன்றாக வேலை செய்யும். ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறார்கள், மருத்துவர் சொன்ன அளவில் மூக்குக்குள் போகும் அந்தத் துளிக்குப் பயப்படத் தேவையில்லை. மூக்கடைப்பைச் சட்டென்று திறக்கும் சொட்டு மருந்து வேறு. அதை ஐந்து நாளுக்கு மேல் விட்டால் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: எனக்கு ஃபெக்ஸோஃபெனடின்தான் எழுதித் தந்தார்கள். முதல் வாரம் நன்றாகக் கேட்டது, இப்போது கேட்பதே இல்லை. காலையில் வாக்கிங் முடித்து ஆரஞ்சு ஜூஸோடு போடுகிறேன். போலி மருந்தாக இருக்குமோ? — வாசகி, கோவை

பதில்: மருந்தைச் சந்தேகப்படுமுன் ஜூஸைச் சந்தேகியுங்கள். முதல் வாரத்தில் தண்ணீரோடு போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்!

குடலிலிருந்து இந்த மருந்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் வழியை ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃப்ரூட் சாறுகள் அடைத்துவிடுகின்றன. ரத்தத்தில் சேர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேராமலே போய்விடுகிறது. சாத்துக்குடியும் அதே குடும்பம், அதையும் தள்ளியே வையுங்கள். மாத்திரையை வெறும் தண்ணீரில் போடுங்கள், ஜூஸ் வேண்டுமென்றால் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள். நெஞ்சு கரிக்கிறது என்று குடிக்கிற ஜெலூசில் மாதிரியான மருந்தும் இதே வேலையைச் செய்யும், அலுமினியமும் மக்னீசியமும் சேர்ந்த அந்த மருந்தை உடனே குடித்தால் சுமார் 40 சதவீதம் வீண். இரண்டு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். அப்புறம், உங்களுக்குப் பிலாஸ்டின் என்று மாற்றி எழுதினால் அது இன்னும் கறார்: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, ஜூஸும் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை. ஃபெக்ஸோஃபெனடினுக்கு முன்னால் டெர்ஃபெனடின் என்ற ஒன்று இருந்தது, தூக்கம் வராத மாத்திரை என்ற பேச்சே அதோடுதான் பெரிதாகக் கிளம்பியது. எரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளோடு சேர்ந்தால் அது உடம்பில் தேங்கி இதயத் துடிப்பைக் குலைத்தது. கிரேப்ஃப்ரூட் சாறும் அதை ரத்தத்தில் ஏற்றிவிட்டது. கடைசியில் விற்பனையை நிறுத்தினார்கள், இந்தியாவிலும் தடை. அந்த டெர்ஃபெனடின் ஈரலில் மாறிக் கிடைப்பதுதான் ஃபெக்ஸோஃபெனடின், இதயத்துக்கு அந்தத் தொல்லை இல்லாதது. அதே சாறு அப்பா மருந்தை ஏற்றியது, பிள்ளை மருந்தை இறக்குகிறது.

கேள்வி: இரண்டு வருடமாகத் தினமும் இரவு ஒரு லீவோசெட்ரிசின். போன மாதம் நிறுத்தினேன். மூன்றாம் நாள் உடம்பு முழுக்க அரிப்பு, சொறிந்து சொறிந்து தூக்கமே இல்லை. திரும்பப் போட்டதும் அடங்கிவிட்டது. அடிமையாகிவிட்டேனா? — வாசகர், திருச்சி

பதில்: அடிமை என்று சொல்லிக்கொண்டு உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். இது இப்போது பேர் உள்ள விஷயம். செட்ரிசினையோ லீவோசெட்ரிசினையோ பல மாதம், வருடக்கணக்கில் தினமும் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் சிலருக்குக் கடுமையான அரிப்பு வருகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் எச்சரிக்கை வெளியிட்டது. அவர்கள் கணக்கில் வந்தது உலகம் முழுக்க 209 பேர். எத்தனை கோடிப் பேர் போடுகிற மாத்திரை என்று பார்த்தால் இது அபூர்வம்தான், ஆனால் வந்தவருக்கு அபூர்வம் என்றா இருக்கும்? முன்பு அரிப்பே இல்லாதவர்களுக்கும், வெறும் தும்மலுக்காகப் போட்டவர்களுக்கும் வந்திருக்கிறது.

பெரும்பாலும் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்ததும் அடங்குகிறது, பிறகு மருத்துவர் சொல்படி மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தியபோது சிலருக்குப் பிரச்சினை வரவில்லை. நீங்களும் அந்த வழியில் போகலாம். ஆனால் எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்துவது வேறு: இரண்டு வருடமாக எதற்காகப் போட்டீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அலர்ஜி எதனால் என்று யாராவது பார்த்தார்களா? தலையணை, மெத்தையில் இருக்கும் தூசிப்பூச்சியாக இருந்தால் வாரம் ஒருமுறை உறையையும் விரிப்பையும் 60 டிகிரி வெந்நீரில் அலசினாலே மாத்திரைத் தேவை குறையலாம். கரப்பான், பார்த்தீனியம், சீமைக்கருவேலம் பூக்கும் பருவம், பரணில் இருக்கும் பழைய துணி மூட்டை, இப்படி ஏதோ ஒன்று. எனக்கு ஒவ்வொரு வருடமும் கொலு பெட்டியை இறக்கும் நாளில்தான். பொம்மைகளைச் சுற்றியிருக்கும் பழைய செய்தித்தாளைப் பிரித்த ஐந்தாவது நிமிடம் முதல் தும்மல். இப்போதெல்லாம் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் பிரிக்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. சளி, தும்மல் என்று கடையில் வாங்கிய மாத்திரை ஒன்றே ஒன்று போட்டார். அன்று இரவு சிறுநீர் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் டியூப் போட வேண்டியதாகிவிட்டது. அலர்ஜி மாத்திரையால் இப்படி ஆகுமா? — வாசகி, மதுரை

பதில்: ஆகும். அப்பாவுக்கு ப்ராஸ்டேட் வீக்கம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பழைய வகை அலர்ஜி மருந்து சிறுநீர்ப்பை சுருங்குவதைத் தடுக்கும். சளி மாத்திரையில் அதோடு மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரினும் இருந்தால் அது வாசலை இன்னும் இறுக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். வயதானவர்களுக்குப் பழைய மருந்தில் வாய் வறட்சி, மலச்சிக்கல், இரவில் குழப்பம், கழிவறைக்கு எழுந்து போகையில் தடுமாறி விழுவது எல்லாம் சேர்ந்து வரும். ஒரு வகைக் கண் அழுத்த நோயும் இதனால் திடீரென்று முற்றலாம்.

அவருக்குப் புதிய வகைதான் பொருத்தம், அதிலும் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான். கிரியேட்டினின் ஏறியிருந்தால் செட்ரிசின், லீவோசெட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின் எல்லாவற்றின் அளவையும் குறைக்க வேண்டியிருக்கும். ஈரல் கோளாறு என்றால் லோரடடின் விஷயத்திலும் அப்படியே. சமீபத்திய ரத்தப் பரிசோதனைத் தாளை மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அவர் தினமும் போடும் மாத்திரைகளையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகனுக்கு மாண்டெலுகாஸ்ட், லீவோசெட்ரிசின் சேர்ந்த சிரப். பத்து நாளாக இரவில் அலறி எழுகிறான், பகலில் காரணமில்லாமல் கோபம். மாமியார் "பயந்திருக்கிறான், மந்திரிக்கலாம்" என்கிறார். — வாசகி, திண்டுக்கல்

பதில்: மந்திரிக்கிறதும் மந்திரிக்காததும் உங்கள் வீட்டு விஷயம், ஆனால் இன்றைக்கே மருத்துவருக்கு போன் செய்யுங்கள். சிரப்பில் உள்ள மாண்டெலுகாஸ்ட் சில குழந்தைகளுக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனமாற்றம் தரும். 2020 மார்ச்சில் அமெரிக்காவில் இதற்காகவே அட்டையில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னார்கள், வெறும் மூக்கு அலர்ஜிக்கு வேறு மருந்து ஒத்துவராதபோது மட்டும் இதைத் தரச் சொல்லியிருக்கிறார்கள். பையனுக்கு ஆஸ்துமாவும் இருந்தால் அதைச் சொல்லுங்கள், வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். மாமியாரிடம் சண்டை வேண்டாம், அவர் கவனித்தது சரி, காரணம்தான் பாட்டிலில் இருந்திருக்கக்கூடும்.

கேள்வி: இறால் சாப்பிட்டால் உதடு வீங்குகிறது. பையில் எப்போதும் ஒரு ஃபெக்ஸோஃபெனடின் வைத்திருக்கிறேன். போதும்தானே? — வாசகர், நாகப்பட்டினம்

பதில்: போதாது. மாத்திரை கரைந்து வேலை செய்ய ஒரு மணி நேரம் பிடிக்கும். அதுவும் தோல் அரிப்புக்குத்தான். நாக்கு தடித்தால், தொண்டை அடைத்தால், மூச்சு இழுத்தால், தலை சுற்றி விழப்பார்த்தால் தேவை அட்ரினலின் ஊசி. உடனே 108. தலை சுற்றினால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறல்தான் பெரிது என்றால் உட்கார விடுங்கள், எழுந்து நடக்க வேண்டாம். இறாலை விட்டுவிடுங்கள் என்று நாகப்பட்டினத்துக்காரரிடம் சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்டுக்குத் தேதி தந்திருக்கிறார்கள். மாத்திரையைத் தொடரலாமா? — வாசகி, சென்னை

பதில்: தொடர்ந்தால் டெஸ்ட் காசு வீண், தோல் தடிக்கவே தடிக்காது. பொதுவாக ஐந்திலிருந்து ஏழு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், உங்கள் மருத்துவர் சொல்லும் கணக்கே கணக்கு. ரத்தத்தில் எடுக்கும் அலர்ஜி டெஸ்டுக்கு நிறுத்த வேண்டாம்.

கேள்வி: நாலு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித் தருகிறார்கள். பேரும் இல்லை, தேதியும் இல்லை. — வாசகர், தஞ்சாவூர்

பதில்: எங்கள் தொழிலின் குறைதான், ஒப்புக்கொள்கிறேன். வெட்டுவதற்கு முன் அட்டையைக் கையில் வாங்கி, பின்பக்கத்தை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பேர், அது உங்களுக்கு வேண்டாம், அதற்குக் கீழே சின்னதாக இருக்கும் மருந்தின் பேர் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். காலாவதித் தேதி ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும், அதற்கு எதிர் ஓரத்திலிருந்து வெட்டித் தரச் சொல்லுங்கள். முறைத்தால் முழு அட்டையாக வாங்கிக்கொண்டு வாருங்கள், பத்து மாத்திரை ஒன்றும் கெட்டுப்போகாது.