மாடிக் குரங்கும் தேவாங்கும்: டீச்சரிடம் கேட்டவை

வடசென்னை வியாசர்பாடி மொட்டை மாடிகளில் குரங்குகள் வந்துபோன பிறகு அக்கம்பக்கத்தார் கேட்ட கேள்விகள், கேட்டவரின் ஊர்ப்பெயரோடு. பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற விலங்கியல் டீச்சர்.

வியாசர்பாடி: காயப்போட்ட வடகத்தை வாய்ல அடைச்சிக்கினே போச்சு டீச்சர். முழுங்கல, கன்னம்தான் உப்பிக்கினு இருந்துச்சு. இன்னா அது?

கன்னப்பை. நாட்டுக் குரங்குக்கு இரண்டு பக்கமும் உண்டு. பெரிய குரங்கு பிடுங்குவதற்குள் அள்ளித் திணித்துக்கொண்டு ஓடிவிடும். பிறகு ஓரமாக உட்கார்ந்து, கன்னத்தைப் புறங்கையால் அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குத் தள்ளி மெல்லும். இலை தின்னும் நீலகிரிக் கருமந்திக்கு இந்தப் பை கிடையாது. இலையை நொதிக்கவைக்கும் அறை அறையான இரைப்பைதான் அதற்கு.

காசிமேடு: அப்போ குரங்குச் சாதிக்கெல்லாம் பொதுவா இன்னாதான் இருக்கு? வாலா?

வாலை விடுங்க. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் அது இல்லை, நமக்கும் இல்லை. கையைப் பாருங்கள். வளைத்துப் பிடிக்கும் விரல்கள், கூர்நகத்துக்குப் பதில் தட்டை நகம், நுனியில் வழுக்காத ரேகை. தேவாங்குக்குக்கூட அப்படித்தான், பின்னங்காலின் இரண்டாம் விரலில் மட்டும் உடம்பைக் கோத ஒரு கூர்நகம் மிச்சம். அப்புறம் கண். இரண்டும் முன்னால் பார்ப்பதால் இரு பார்வையும் ஒன்றன்மேல் ஒன்று விழும், தூரம் பிசகாது. கிளைக்குக் கிளை தாவுகிறவனுக்கு அது பிசகினால் உயிர் போச்சு. உடம்பளவுக்கு மூளையும் பெரிது. பெரும்பாலும் ஒரு பிரசவத்துக்கு ஒரே குட்டி; அது வளர்ந்து ஆளாக நெடுநாள் பிடிக்கும்.

பெரம்பூர்: அணிலும் இதுல சேர்த்தியா மிஸ்?

இல்லை. அது எலி வகையறா.

தண்டையார்பேட்டை: குரங்கு எந்நேரமும் பேன் பாக்குதே, அவ்ளோ பேனா?

செதில், அழுக்கு, உண்ணி எல்லாம் எடுக்கும். ஆனால் பாதி வேலை உறவு பேணுவதுதான். சண்டை போட்ட இரண்டும் சற்றுநேரத்தில் பேன் பார்க்கச் சொல்லி ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி உட்காரும். நம் தெருவில் அது நடப்பதில்லை!

ராயபுரம்: தேவாங்கு வளர்க்கலாமா?

கூடாது, சட்டப்படி குற்றம். அதற்கென்றே 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள்.

திருவொற்றியூர்: செல்பி எடுக்கச்சொல்ல குரங்கு பல்லைக் காட்டிச் சிரிச்சுது டீச்சர்.

சிரிப்பில்லை ராசா, பயம். வாயை அகலத் திறந்து முறைத்தால் மிரட்டல். பதிலுக்கு முறைக்காமல், கண்ணைத் தாழ்த்தி மெல்லப் பின்வாங்கு. கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்காராதே.