தூக்கிப் போடுற சாவி: சர்வர்ல டெம்பரரி கீ செட்டப், உங்க டவுட்டும் என் பதிலும்

சர்வர் அட்மின் வேலையில பதினஞ்சு வருஷமா குப்பை கொட்டுறேன். பிரவுசரும் சர்வரும் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் புது ரகசிய சாவி போட்டுக்கிற டிஹெச்இ, இசிடிஹெச்இ முறைங்க பத்தி என்ன டவுட்னாலும் கேளுங்கன்னு வாய விட்டுட்டேன், வந்து குவிஞ்சிருச்சு. வந்த வரிசையிலயே போறேன்.

கேள்வி: அக்கா, சர்டிபிகேட் வாங்கி போட்டாச்சு, பிரவுசர்ல பூட்டும் வருது. அப்புறம் எதுக்கு தனியா ஒரு டெம்பரரி கீ?

பழைய ஆர்எஸ்ஏ முறையில என்ன நடக்கும்னா, பிரவுசர் ஒரு ரகசியத்த உருவாக்கி உங்க சர்டிபிகேட்ல இருக்கிற, எல்லாருக்கும் தெரியுற பப்ளிக் கீயால பூட்டி அனுப்பும், சர்வர் தன்கிட்ட மட்டும் இருக்கிற பிரைவேட் கீய வச்சு அத திறக்கும். இப்ப ஒருத்தன் நடுவுல உக்காந்து ரெண்டு வருஷ டிராபிக்க அப்படியே ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கான்னு வைங்க. இன்னைக்கு அவனால ஒன்னும் படிக்க முடியாது. ஆனா என்னைக்காவது அந்த ஒரே ஒரு பிரைவேட் கீ கைக்கு கிடைச்சா ரெண்டு வருஷமும் மொத்தமா திறந்துக்கும். 2014 ஏப்ரல்ல ஹார்ட்பிளீட் வந்துச்சே, சர்வர்ல இந்த பூட்டு வேலைய பாக்கிற ஓப்பன்எஸ்எஸ்எல் சாஃப்ட்வேர் 1.0.1ல இருந்த ஓட்டை, ஒரு தடவை கேட்டா சர்வர் மெமரியில 64 கேபி வரைக்கும் கக்கும், அதுல பிரைவேட் கீயே வெளிய வரும்னு செஞ்சே காட்டிட்டாங்க. அப்ப தான் பல பேருக்கு தூக்கம் போச்சு.

டெம்பரரி கீ போட்டா கதை வேற. ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் புதுசா ஒரு சாவி, வேலை முடிஞ்சதும் தூக்கி போட்டுருவோம். சர்டிபிகேட்டோட கீ கையெழுத்து போட மட்டும் தான், "நான் தான் அந்த சர்வர்"னு சொல்ல. அது நாளைக்கு திருடு போனா உங்கள மாதிரி நடிக்கலாம், ஆனா நேத்து பேசினத படிக்க முடியாது.

கேள்வி: நடுவுல ஒருத்தன் எல்லாத்தையும் பாத்துட்டு இருக்கும்போது ரெண்டு பேரும் எப்படிக்கா ஒரே ரகசியத்துக்கு வர்றாங்க? எனக்கு இது மேஜிக் மாதிரியே இருக்கு.

பேப்பர் எடுங்க. 23ம் 5ம் ஊருக்கே தெரிஞ்ச நம்பர். நான் மனசுக்குள்ள 7 நினைக்கிறேன், 5ஐ 7 தடவை பெருக்கி 23ஆல வகுத்தா மீதி 17, அத உங்களுக்கு அனுப்புறேன். நீங்க 3 நினைக்கிறீங்க, உங்க மீதி 10, அத எனக்கு அனுப்புறீங்க. இப்ப நான் உங்க 10ஐ 7 தடவை பெருக்கி 23ஆல வகுத்தா மீதி 14. நீங்க என் 17ஐ 3 தடவை பெருக்கி வகுத்தாலும் அதே 14. நடுவுல இருக்கிறவன் 23, 5, 17, 10 நாலையும் பாத்துட்டான், ஆனா 14 அவனுக்கு நேரா கிடைக்காது. 23க்கு பதிலா அறுநூறு இலக்கத்துக்கு மேல இருக்கிற நம்பர்னா அவன் பின்னாடி போய் 7ஐ கண்டுபிடிக்கிறது நடக்கிற காரியமே இல்ல. டிஃபியும் ஹெல்மேனும் 1976ல வெளியிட்டது இது தான். இசிடிஹெச்இன்னா அதே கூத்து, பெருக்கலுக்கு பதிலா வளைகோட்டுல புள்ளிங்கள வச்சு ஆடுறது. சின்ன நம்பர், வேகம் ஜாஸ்தி.

கேள்வி: மேடம், டிஹெச்பேரம் 4096 பிட்ல ஜெனரேட் பண்ண விட்டேன், அரை மணி நேரமா புள்ளியும் பிளஸ்ஸுமா ஓடிட்டே இருக்கு. ஹேங் ஆயிடுச்சா?

இல்ல சார், தேடிட்டு இருக்கு. டிஹெச்பேரம்னா மேல சொன்ன 23ம் 5ம் மாதிரி நம்பர உருவாக்கி ஒரு ஃபைல்ல போடுற கமாண்ட். சாதாரண பகா எண் போதாது, அதுல ஒன்ன கழிச்சு பாதியாக்கினா அதுவும் பகா எண்ணா இருக்கணும், அந்த மாதிரி நம்பர் அரிது, அதான் டைம். சின்ன விபிஎஸ்ல (வாடகை சர்வர்ல) கேக்கவே வேணாம். கன்ட்ரோல் சி அடிச்சு நிறுத்திட்டு 2048 போடுங்க. 1024 மட்டும் வேணாம், 2015ல லாக்ஜாம்ங்கிற தாக்குதல் வந்தப்ப, ஊரே ஒரே 1024 பிட் நம்பர பகிர்ந்துக்கிட்டா பெரிய அரசாங்கம் ஒரு தடவை கணக்கு போட்டு வச்சுக்கிட்டு எல்லாத்தையும் உடைக்கலாம்னு காட்டிட்டாங்க.

இன்னும் சுலபம், ஆர்எஃப்சி 7919ங்கிற இன்டர்நெட் ஸ்டாண்டர்டு டாகுமென்ட்ல எஃப்எஃப்டிஹெச்இ2048னு ரெடிமேடா ஒன்னு இருக்கு, அதையே எடுத்துக்கலாம். இன்னும் இன்னும் சுலபம், டிஹெச்இயே வேணாம்னு விட்டுருங்க. என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் 1.11.0ல இருந்து நீங்களா டிஹெச்பேரம் ஃபைல் குடுக்கலனா டிஹெச்இ சைஃபர (பூட்டுற முறைய) தொடவே தொடாது, இசிடிஹெச்இ தான் ஓடும். என்னோட புது சர்வர் எதுலயும் அந்த ஃபைலே கிடையாது.

கேள்வி: அந்த டிஹெச்பேரம் ஃபைலுக்கு 600 பர்மிஷன் (ஓனர் மட்டும் படிக்கிற மாதிரி) போடணுமா? வாரா வாரம் மாத்தணுமா?

அது ரகசியமே இல்ல, மேல சொன்ன 23ம் 5ம் தான் அதுல இருக்கு. கோயில் வாசல்ல எழுதி ஒட்டினாலும் ஒன்னும் ஆகாது. மாத்தவும் வேணாம்.

கேள்வி: சரி அக்கா, நேரா சொல்லுங்க, என்ஜின்எக்ஸ்ல என்ன போடணும்?

பிரவுசரும் சர்வரும் பூட்டி பேசிக்கிற முறைக்கு பேரு டிஎல்எஸ், அதுல 1.2ம் 1.3ம் மட்டும். 1.2க்கு இசிடிஹெச்இல ஆரம்பிக்கிற சைஃபர் மட்டும், பின்னாடி டேட்டாவ பூட்டுறதுக்கு ஏஇஎஸ் ஜிசிஎம் இல்லனா சாச்சா20. கர்வ்னா மேல சொன்ன வளைகோடு, அதுல எக்ஸ்25519 முதல்ல, அடுத்து பி-256. 2018ல வந்த 1.3ல ஆர்எஸ்ஏ கீ எக்ஸ்சேஞ்சையே வெட்டி எறிஞ்சிட்டாங்க, அதனால அங்க நீங்க நினைச்சாலும் தப்பு பண்றது கஷ்டம்.

கேள்வி: 2048 டிஹெச் போட்டதும் ஒரு பழைய ஜாவா 7 கிளையன்ட் கனெக்டே ஆகல. கஸ்டமர் கத்துறாங்க. 1024க்கு இறக்கிரட்டுமா?

இறக்காதீங்க தம்பி! பழைய ஜாவா 7க்கு 1024க்கு மேல டிஹெச் தெரியாது, 2048 பாத்தா எக்ஸப்ஷன் அடிச்சிட்டு படுத்துரும். ஒரு கஸ்டமருக்காக எல்லாரோட பூட்டையும் தளர்த்துறது என்ன நியாயம். டிஹெச்இ சைஃபர எடுத்துட்டு இசிடிஹெச்இல பி-256 வச்சிருங்க, அது ஜாவா 7க்கு புரியும். ஆனா பழைய ஜாவா 7க்கு ஏஇஎஸ் ஜிசிஎம் தெரியாது, அதனால இசிடிஹெச்இல ஏஇஎஸ் சிபிசி சைஃபர் ஒன்னையும் கடைசியில சேத்துக்கணும். அதோட ஜாவா 7ல கிளையன்ட் பக்கம் டிஎல்எஸ் 1.2 டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும், அத அவங்கள ஆன் பண்ண சொல்லணும். ஜாவா 8க்கு மாறச் சொன்னா இன்னும் நல்லது, மாற மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும்.

கேள்வி: வேலை செய்யுதான்னு எப்படி பாக்குறது?

ஓப்பன்எஸ்எஸ்எல்லோட எஸ் கிளையன்ட் கமாண்ட்ல 443க்கு கனெக்ட் பண்ணுங்க. அவுட்புட்ல "டெம்ப் கீ"ன்னு ஒரு வரி, எக்ஸ்25519, 253 பிட்ஸ்னு வந்தா சந்தோஷம். டிஎல்எஸ் 1.2ல புதுசா கனெக்ட் பண்ணியும் அந்த வரியே இல்லனா நீங்க இன்னும் பழைய ஆர்எஸ்ஏல தான் ஓடுறீங்க.

கேள்வி: முன்னாடி டிராபிக்க பிடிச்சு பாக்கிற வயர்ஷார்க் டூல்ல சர்வர் பிரைவேட் கீய குடுத்தா டிகிரிப்ட் ஆகும், இப்ப ஆகல. என்ன பிரச்சனை?

பிரச்சனையே இல்ல, நீங்க பாஸ் ஆயிட்டீங்க! உங்களாலயே முடியலனா திருடனாலயும் முடியாது. டீபக் பண்ணனும்னா கிளையன்ட் பக்கம் எஸ்எஸ்எல் கீலாக் ஃபைல் வேரியபிள் செட் பண்ணி அந்த ஃபைல வயர்ஷார்க்குக்கு குடுங்க. வேலை முடிஞ்சா ஃபைல அழிச்சிருங்க, மறந்தே போயிரும்.

கேள்வி: இசிடிஹெச்இ போட்டாச்சு, இனிமே நிம்மதியா தூங்கலாம் தானே?

இந்த கேள்விக்கு தான் காத்துட்டு இருந்தேன். செஷன் டிக்கெட் பாத்தீங்களா? டிஎல்எஸ் 1.2ல கிளையன்ட் திரும்ப வரும்போது சீக்கிரம் சேரணும்னு அந்த செஷனோட ரகசியத்தையே ஒரு டிக்கெட் கீயால பூட்டி கிளையன்ட் கையில குடுத்து விடுவோம், அந்த டிக்கெட் வயர்ல திறந்த மேனிக்கு தான் போகும். அப்போ டிக்கெட் கீ ஒருத்தன் கையில சிக்கினா ரெக்கார்டு பண்ணின எல்லாத்தையும் திறந்துருவான், நீங்க இசிடிஹெச்இ போட்டிருந்தாலும். வாசல் கதவுக்கு தினம் புது பூட்டு வாங்கி மாட்டிட்டு சாவிய மிதியடிக்கு கீழ வைக்கிற கதை.

நான் முன்னாடி வேலை பாத்த ஒரு இடத்துல அஞ்சு சர்வருக்கும் ஒரே டிக்கெட் கீ ஃபைல், செட்டப் பண்ணினவர் வேலைய விட்டே மூணு வருஷம், ஃபைல் அப்படியே இருக்கு, பேக்கப்லயும் இருக்கு, கோட் வைக்கிற கிட்லயும் இருக்கு. எல்லாருமா உக்காந்து கர்வ் எது பெஸ்ட்னு ரெண்டு மீட்டிங் போட்டோம், இத ஒருத்தரும் பாக்கல, நானும் தான்.

ஒரு சர்வர் தான்னா டிக்கெட்ட ஆஃப் பண்ணிருங்க. வேணும்னா என்ஜின்எக்ஸ் 1.23.2க்கு மேல போங்க, ஷேர்டு செஷன் கேஷ் இருந்தா அதுவே கீய மாத்திக்கும். பல சர்வர்னா தினம் புது கீ, டிஸ்க்ல எழுதாம மெமரியில வைக்கிற மாதிரி ஒரு கிரான் (நேரத்துக்கு தானா ஓடுற வேலை) போடுங்க. 1.3ல ரெஸ்யூம் பண்ணும்போதும் புது டெம்ப் கீ கலக்கிறதால பரவாயில்ல, கனெக்ஷன் முழுசா சேரும் முன்னாடியே அனுப்புற ஜீரோ ஆர்டிடி டேட்டாவ தவிர.

கேள்வி: சிபியு எகிறாதா?

எகிறாது. கூகுள் 2011லயே இசிடிஹெச்இய டீஃபால்ட் ஆக்கிட்டாங்க, உங்க டிராபிக் அத விட ஜாஸ்தியா?

கேள்வி: குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தா இதெல்லாம் காலின்னு சொல்றாங்களே அக்கா?

ரெக்கார்டு பண்ணி வச்சுட்டு பின்னாடி உடைக்கிறவன் விஷயத்துல பயம் நியாயமானது தான். அதுக்கு தான் எக்ஸ்25519 கூட, குவாண்டத்துக்கும் தாங்குற மாதிரி செஞ்ச எம்எல்-கெம் 768ஐ சேத்து ஒரு கலப்பு முறை. எம்எல்-கெம் 2024 ஆகஸ்ட்ல ஸ்டாண்டர்டு ஆச்சு, 2025ல வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3.5ல இருக்கு. அப்கிரேட் பண்ண முடிஞ்சா பண்ணுங்க, ஒன்னு போனாலும் இன்னொன்னு தாங்கும்.

கேள்வி: டவ்காட் மெயில் சர்வர 2.3க்கு மாத்தினதும் டிஹெச் எரர் வருது, ஃபைல் பாத் கரெக்டா தான் குடுத்திருக்கேன்.

பாத்துக்கு முன்னாடி "சிறியது" குறி (<) போட்டீங்களா? அது இல்லனா பாத்தையே கீன்னு நினைச்சு படிக்கும். எனக்கு இதுல ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு.