பத்து டீ-சர்ட்டுக்கு எவ்வளவு சாயம்?

கேள்வி: கோடை விடுமுறையில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் வெள்ளை டீ-சர்ட்டில் டை அண்ட் டை (துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவது) செய்யப்போகிறார்கள். என்னென்ன, எவ்வளவு வாங்க வேண்டும்? போன முறை ஏதோ சாயப்பொடியில் உப்பும் வினிகரும் கலந்து செய்தோம். முதல் துவைப்பிலேயே பாதி வெளுத்துவிட்டது.
– வாசகி, திருச்சி

பதில்: வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் அமிலச் சாயத்துக்கு உரியது. பருத்திக்கு ஏற்றது, பச்சைத் தண்ணீரிலேயே பிடிக்கிற ரியாக்டிவ் சாயம். அதற்கு அமிலம் அல்ல, காரம்தான் வேண்டும். கடையில் 'கோல்ட் பிராண்ட் ரியாக்டிவ்' என்று கேளுங்கள். வெறுமனே 'துணிச்சாயம்' என்றால் கொதிக்க வைக்கிற சாயத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

முதலில் துணி. நூறு சதவீதம் பருத்தியா என்பதை லேபிளை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர் கலந்தது, சாயம் சரியாக ஏறாது. புதுத் துணியைக் கஞ்சி போகத் துவைத்துவிடுங்கள், சாஃப்ட்னர் வேண்டாம்.

சாயம் மஞ்சள், மெஜந்தா, டர்க்காய்ஸ் மூன்றே போதும், மற்ற நிறங்கள் இவற்றிலேயே பிறக்கும். சிறுவர் சட்டை ஒன்றுக்குச் சுமார் 180 மி.லி. கரைசல் என்று வைத்தால் பத்துக்கு 1,800 மி.லி., அதாவது நிறத்துக்கு 600 மி.லி. லிட்டருக்கு 30 கிராம் கணக்கில் தலா 18 கிராம் பொடி. 25 கிராமாக வாங்குங்கள். மஞ்சள் மட்டும் 50 கிராம் இருக்கட்டும், பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் அதுதான் இழுக்கும். போர்வெல் உப்புத் தண்ணீரில் கரைத்தால் சாயம் திட்டுத்திட்டாக விழும். ஆர்.ஓ. தண்ணீர் நல்லது.

காரத்துக்கு சோடா ஆஷ், லிட்டருக்கு 60 கிராம். ஆறு லிட்டர் வாளிக்கு 360 கிராம். பளிங்குக் கட்டியாக விற்கும் சலவை சோடா என்றால் கிட்டத்தட்ட ஒரு கிலோ வேண்டும், அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ஆப்பசோடா இதற்கு ஆகாது. துணியை அதில் 20 நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, ஈரத்தோடு முடிச்சுப் போடுங்கள்.

ரப்பர் பேண்ட் நூறு, மூக்கு வைத்த பாட்டில் நிறத்துக்கு இரண்டு, பத்து ஜிப் கவர், ஆளுக்கொரு ஜோடி கையுறை. முகக்கவசம் பொடி கரைக்கிற பெரியவருக்குக் கட்டாயம்: சாயத்தூசி சுவாசத்தில் போனால் ஒவ்வாமை வரும். பொடியையும் சோடாவையும் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

சாயம் விட்டதும் கவரில் போட்டு மூடி 24 மணி நேரம் வைக்கவும். அவசரப்பட்டால் முதலில் தோற்பது டர்க்காய்ஸ்தான். அது மெதுவாகப் பிடிக்கிற நிறம். பிறகு முடிச்சோடு பச்சைத் தண்ணீரில் அலசி, அவிழ்த்து, தண்ணீர் தெளியும்வரை அலசி, கடைசியில் நல்ல சூட்டில் சோப்புத்தூள் போட்டுத் துவையுங்கள். அப்போது போகிற சாயம் துணியில் பிடிக்காத மிச்சம்தான், பயப்பட வேண்டாம்.

கேள்வி: மீந்த சாயக் கரைசலை வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், சேலம்

பதில்: சோடா கலக்காததைக் குளிரில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். சோடா கலந்தது சில மணி நேரத்தில் வீரியம் இழந்துவிடும். ஃப்ரிட்ஜில் சர்பத் பாட்டிலோடு வைக்காதீர்கள். தனி டப்பாவில் அடைத்து, சிவப்பு எழுத்தில் 'சாயம்' என்று ஒட்டிவிடுங்கள்.