பயம் போகாமலே ஜீப் ஏற முடியுமா?

“ஏசிடி எனும் ஏற்பு-உறுதிச் சிகிச்சை பயத்தைப் போக்காது என்கிறார்களே, பிறகு எதற்கு?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

போக்காது என்பது சரிதான். பயத்தோடு மல்லுக்கட்டுவதைக் கைவிடச் சொல்கிறது. எங்கள் கம்பத்திலிருந்து விடியும் முன் ஜீப் ஏறி, குமுளி தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. ஒரு விபத்தைப் பார்த்தபின் என் மதினிக்குக் கொண்டை ஊசி வளைவு வந்தாலே நெஞ்சு படபடக்கும். வேலைக்குப் போவதையே நிறுத்தினார். படபடப்பு நின்றது, கூலியும் கூட்டாளிகளும் சேர்ந்தே போனார்கள். இந்தத் தப்பித்தலைத்தான் ஏசிடி சிக்கலாகப் பார்க்கிறது.

ஒரு பயிற்சி: “வண்டி கவிழும்” என்பதை “வண்டி கவிழும்னு ஒரு எண்ணம் வருது” என்று மாற்றிச் சொல்வது. கேட்டால் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. ஆனால் எண்ணத்துக்கும் நமக்கும் நடுவில் விரற்கடை இடம் விழுகிறது. படபடப்பை அடக்காமல், உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறோம். எதற்காக இந்தப் பாடு? மதினிக்கு, மகளின் படிப்பு. முதல் நாள் மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை மட்டும் போனார். அடுத்த வாரம் குமுளி.

பயம் உள்ளிருக்கும்போதே வேண்டிய திசையில் நகர முடிவதுதான் உளநெகிழ்வு. 1980களில் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் வளர்த்தெடுத்த முறை இது. ஆறு கூறுகள் சொல்வார்கள்; எண்ணத்திலிருந்து விலகி நிற்பது, படபடப்பை ஏற்பது, எதற்காக என்று தெளிவது, அதற்காக அடியெடுத்து வைப்பது என நான்கை மேலே தொட்டுவிட்டேன். விபத்து கனவிலும் வந்து தூக்கத்தைக் கெடுத்தால், இந்த முறையில் தேர்ந்த மனநல நிபுணரோடு சேர்ந்து செய்யுங்கள்.

மதினி இன்றைக்கும் வளைவில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் போகிறார்.