அனல் மின் நிலையம் பக்கத்தில் இருந்தும் தண்டையார்பேட்டையில் ஏன் லோ வோல்டேஜ்?

அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்க, ராத்திரி பத்து மணிக்கு ஏசி ஓடாத அளவுக்கு வோல்டேஜ் ஏன் இறங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிலையம் பக்கத்தில் இருப்பதால் உங்கள் தெருவுக்குத் தனிச் சலுகை கிடையாது. வல்லூரில் 500 மெகாவாட் யூனிட்டுகள் மூன்று. மாவாக அரைத்த நிலக்கரி எரிந்து, நீராவியில் டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது. நம் 50 ஹெர்ட்ஸ் அதிலிருந்துதான் வருகிறது. அந்த மின்சாரம் 400 கிலோவோல்ட்டுக்கு ஏறி, நாடு முழுக்க ஒன்றாக இணைந்த கிரிட்டில் கலந்துவிடும். பிறகு 230, 110, 33, 11 கிலோவோல்ட் என்று படிப்படியாக இறங்கித் தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மருக்கு வரும். நீங்கள் சொல்லும் கோளாறு பெரும்பாலும் அதற்கப்புறம், கடைசி 300 மீட்டரில்தான் இருக்கும்.

ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து பில்லர் பாக்ஸுக்கு (வீடுகளுக்கு லைன் பிரியும் தெருவோரப் பெட்டி) மண்ணுக்கடியில் போவது மூன்றரை கோர் அலுமினியக் கேபிள். கோர் என்றால் உள்கம்பி; முழுக் கம்பி மூன்றும் மின்சாரம் கொண்டுவரும் பேஸ்கள். அந்த ‘அரை’தான் கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல். பேஸ் 120 சதுர மி.மீ. என்றால் நியூட்ரல் 70தான். மூன்று பேஸிலும் லோடு சமமாக இருந்தால் நியூட்ரலில் கரண்ட் அநேகமாக ஓடாது, மெல்லியதே போதும். ஆனால் ஒரே பேஸில் பதினான்கு ஏசி கூடுதலாக ஓடுவதாக வையுங்கள். ஒன்றரை டன் ஏசி ஒன்றுக்கு சுமார் 7 ஆம்பியர், மொத்தம் கிட்டத்தட்ட 100. 300 மீட்டரில் பேஸ் கம்பி சுமார் 8 வோல்ட்டைத் தின்னும், நியூட்ரல் 13. 240இல் 21 போனால் மிச்சம் 219. அனுமதித்த எல்லை 6 சதவீதம், அதாவது 225. ஏசி திணறத்தானே செய்யும்?

இதற்குப் பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் கேட்பதற்கு முன்னால், பில்லரில் லோடை மூன்று பேஸுக்கும் சமமாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். செலவு குறைவு, பலன் உடனே தெரியும். ஒரு பேஸ் பியூஸ் போனதும் எல்லாரும் சேஞ்ச்ஓவர் சுவிட்சை அடுத்த பேஸுக்குத் தள்ளுவதைத் தயவுசெய்து விடுங்கள். அரை மணியில் அந்தப் பியூஸும் போகும்.

லோ வோல்டேஜைவிட நான் பயப்படுவது நியூட்ரல் அறுந்துபோவதற்கு. பில்லருக்குள் கேபிள் நுனியில் மாட்டிய அலுமினிய லக் செம்புக் கட்டையைத் தொடும் இடத்தில், கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்து வெள்ளைப் பொடியாக அரிக்கும். போல்ட் தளரும், சூடாகும், கடைசியில் விட்டுப்போகும். அப்போது லோடு குறைந்த பேஸில் 240 இருக்க வேண்டிய இடத்தில் 300, 350 கூட வரும். உங்கள் பல்பு பளீரென்று எரிய எதிர்வீட்டில் மங்கினால், அல்லது மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் ஒரு பேஸில் மிக்ஸி போட்டதும் இன்னொரு பேஸில் இருக்கும் லைட் இன்னும் பிரகாசமானால், அதுதான் அடையாளம். உடனே மெயினை அணையுங்கள். எம்சிபியோ ஆர்சிசிபியோ இதற்கு டிரிப்பாகும் என்று நம்பாதீர்கள்: ஒன்று கூடுதல் கரண்ட்டுக்கு, மற்றது கசிவுக்கு. இதற்கென்று ஓவர் வோல்டேஜ் ரிலே தனியாக விற்கிறது, மெயினுக்கு அடுத்து எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுக்கொள்ளலாம். பில்லரை நீங்களே திறக்கக் கூடாது.

புகார் கொடுக்கும்போது வெறுமனே ‘லோ வோல்டேஜ்’ என்று எழுத வேண்டாம். காலை ஆறு மணிக்கும் ராத்திரி பத்து மணிக்கும் எத்தனை வோல்ட் என்று மீட்டரில் பார்த்து எழுதுங்கள்; முடிந்தால் வேறு பேஸில் இருக்கும் வீட்டு அளவையும் சேருங்கள். காலையில் சரியாக இருந்து ராத்திரி எல்லா வீட்டிலும் இறங்கினால் மொத்த லோடே அதிகம். ஒரு வீட்டில் இறங்கும் நேரத்திலேயே இன்னொன்றில் ஏறினால் லோடு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஏறுவது 6 சதவீத மேல் எல்லையான 254ஐத் தாண்டினால் முதலில் நியூட்ரலைப் பார்க்கச் சொல்லுங்கள்.