பழைய டாடா 1613 லாரி, லோடோடு மேடு ஏறும்போது இன்ஜின் சூடு 100 டிகிரியைத் தொடுகிறது, சமதளத்தில் 85தான். தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடலாமா?

கழற்றாதீர்கள். கம்மின்ஸ் 6பிடி இன்ஜினில் அந்த வால்வுக்கு இரண்டு வேலை. சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கும். அதே அசைவில் பைபாஸை அடைக்கும். கழற்றினால் பைபாஸ் திறந்தே கிடக்கும், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் பம்புக்குத் திரும்பிவிடும். காலி வண்டி ஆறிப்போய் ஓடி டீசல் குடிக்கும், சிலிண்டர் தேயும். லோடு ஏற்றி மேட்டில் மிதித்தால் முன்பைவிட அதிகமாகச் சூடேறும்.

வால்வு 82, 83 டிகிரியில் திறக்கத் தொடங்கி 95 வாக்கில் முழுதாகத் திறக்கும். சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது மே மாத மதியத்தில் முள் 95ஐத் தாண்டி, மேடு முடிந்த சில நிமிடங்களில் 88க்கு இறங்கினால் நோய் ஒன்றும் இல்லை. 100ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால்தான் கவலை.

அதற்கு முன் சூடு காட்டும் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். ஹெட்லைட் போட்டதும் முள் நகர்ந்தால் எர்த் கோளாறு. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை தெர்மோஸ்டாட் மூடிமேல் காட்டி ஒப்பிடுங்கள்.

சூடு நிஜம் என்றால், எப்போது ஏறுகிறது என்பதுதான் முக்கியம். நின்ற இடத்தில், டிராஃபிக்கில் ஏறினால் காற்று போதவில்லை: தளர்ந்த பெல்ட், உடைந்த ஃபேன் கவுல் (ஃபேனைச் சுற்றியுள்ள கூடு). உங்களுக்கு லோடில் மட்டும் ஏறுகிறது. அப்படியானால் பெரும்பாலும் ரேடியேட்டர் அடைப்பு. போர் தண்ணீர் ஊற்றியே ஓட்டிய வண்டியில் உப்பு படிந்து குழாய்கள் குறுகியிருக்கும். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டரின் கோர் (குழாய்கள் உள்ள நடுப்பகுதி) முழுவதும் அதே தெர்மாமீட்டரைக் காட்டுங்கள். நடுவே சில்லென்று ஒரு திட்டு தெரிந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. ரேடியேட்டர் டேங்க்கைப் பிரித்துக் குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். வெறும் ஃப்ளஷ் போதாது. இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றை ஆற்றும் பகுதி) உள்ள வண்டியில் அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேரும் தூசியைப் பலரும் பார்ப்பதே இல்லை. ஃபேன் பக்கமிருந்து வெளியே தள்ளுமாறு தண்ணீர் அடியுங்கள்.

கீழ் ஹோஸையும் பாருங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்துப் போயிருந்தால், ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது பம்பின் உறிஞ்சலில் ஹோஸ் ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, மூடி திறந்த ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ ஹெட் கேஸ்கட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்பு) போயிருக்கிறது.

வால்வைச் சோதிக்க, தண்ணீர்ப் பாத்திரத்தில் தெர்மாமீட்டரோடு தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 95ஐக் கடந்தும் திறக்காவிட்டால் மாற்றுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். ஒரு பிஎஸ்ஐ அழுத்தம் கொதிநிலையை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயர்த்துகிறது. அழுத்தம் நிற்காவிட்டால் வெறும் தண்ணீர் 100லேயே கொதித்துவிடும். நிரப்பும்போது கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி.

வழியில் கொதித்துவிட்டால் மூடியைத் திறக்க வேண்டாம். தண்ணீர் கொட்டிப் போயிருந்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள்; இருந்தால் ஐடிலில் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். கை வைக்கும் அளவு ஆறியபின் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஹெட் விரிசல் விடும்.